தப்புக்கு ஏது சுருதி என்று கேட்கிறவர்களுக்கு

சிவகாசி அச்சாபீசுகளில் வெட்டிக் கழித்த காகிதம் சாக்குச் சாக்காகக் கிடக்கும். லேபிள் ஓரம், காலண்டர் ஓரம், தீப்பெட்டிச் சீட்டு ஓரம். எங்கய்யா தெரிந்த ஆள் மூலமாக ஒரு சாக்கு வாங்கி வந்து வீட்டு மூலையில் போட்டு வைத்திருப்பார். தப்பு காய்ச்சுவதற்கு. வைக்கோல் புகையும், பனையோலை சட்டென்று பிடித்துச் சட்டென்று அணையும், காகிதம்தான் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பார். வீணையோடு சரஸ்வதி உட்கார்ந்திருக்கிற காலண்டரின் ஓரம் எரியும். அந்தச் சூட்டில் மாட்டுத்தோல் இறுகும்.

தீயில் காட்டி, எடுத்து, விரல் கணுவால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார். மறுபடியும் தீ. மறுபடியும் தட்டு. ‘இன்னும் பச்சையா இருக்கு’ என்பார். அப்புறம் ‘இப்பப் பேசுது’ என்பார். சூடு ஏறிப்போனால் ‘கத்துது, ஆறப்போடு’ என்பார். நாலு தப்பு ஒரு செட்டு. நாலையும் தனித்தனியே காய்ச்சி, ஒன்றுக்கொன்று தட்டிப் பார்ப்பார். மூன்று சேர்ந்து ஒன்று கீழே நின்றால், சாவு வீடு என்றும் பார்க்காமல் அந்த ஆளைத் திட்டுவார். சுருதி என்கிற சொல்லை எங்கய்யா வாயில் நான் கேட்டதே இல்லை. ‘சேரணும்’ என்பார். சேந்துருச்சு, இல்லன்னா சேரல. அவருடைய சங்கீத சாஸ்திரம் அவ்வளவுதான்.

1984-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பாட்டு வாத்தியார் ஆள் எடுத்தார். யாருக்கு என்ன வாசிக்கத் தெரியும்? ஒருத்தன் மிருதங்கம் என்றான், ஒருத்தன் புல்லாங்குழல் என்றான். நான் எழுந்து ‘தப்பு அடிப்பேன் சார்’ என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார்: ‘அது வாத்தியம் இல்லப்பா. அதுக்கு ஸ்ருதி கிடையாது. அது சத்தம்.’

அவர் கெட்ட மனுசர் இல்லை. அதனால்தான் இத்தனை வருசமாக மறக்க முடியவில்லை. சாதியைச் சொல்லி வைதிருந்தால் நானும் பதிலுக்கு வைதுவிட்டுப் போயிருப்பேன். இது பாடமாகச் சொல்லப்பட்டது. சாதியைப் பாடமாகச் சொன்னால் திருப்பி வைய முடியாது, திருப்பிப் பாடம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை இப்போது சொல்கிறேன். வாத்தியாருக்கு மட்டுமில்லை, நம்ம தோழர்களுக்கும் சேர்த்து.

முதலில் அவர்களுடைய விஞ்ஞானத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பியைத் தட்டினால் அதிலிருந்து வருகிற துணை ஒலிகள் 1, 2, 3, 4 என்று முழு எண்ணாக ஏறும். காது அதை ‘சுரம்’ என்று எடுத்துக்கொள்ளும். வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படி இல்லை. 1-க்கு மேலே 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாக ஏறும். அதனால் தோலுக்குத் திட்டமான சுரம் பிடிபடாது. இது உண்மைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் மிருதங்கமும் தோல்தானே அய்யா? அதற்கு மட்டும் சுருதி எங்கிருந்து வந்தது? சி.வி. ராமன் இதை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், 1934-இல் விரிவாக எழுதினார். வலந்தலையின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம் தோலுக்குப் பாரம் ஏற்றுகிறது, அந்தப் பாரம் கோணலாக இருந்த ஒலிகளை முழு எண்ணுக்கு இழுத்து வருகிறது என்று காட்டினார். உலகமே வியந்தது. சரி, அந்தக் கறுப்பு வட்டத்தை ஏற்றியது யார்? கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து ஏற்றி, ஒவ்வொரு தேய்ப்புக்கும் தட்டித் தட்டிக் கேட்டு, இதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று கையை நிறுத்தத் தெரிந்தவன் யார்? மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலையும் வாங்கி, ஊறவைத்து, மயிர் நீக்கி, வார் அறுத்து, முறுக்கிக் கட்டியவன் யார்?

பெரும்பாலும் நம்மாட்கள். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைப் போன்ற தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அந்தக் குடும்பத்து ஆள். மணி அய்யரின் நாதம் என்று சபையில் கண்ணை மூடித் தலையாட்டினார்களே, அந்த நாதத்தில் பர்லாந்தின் காது எத்தனை பங்கு? இதையெல்லாம் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று புத்தகமாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குத் தன் அரங்கைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த கலாஷேத்ரா, நாள் நெருங்கியதும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வெளியீடு வேறு இடத்தில் நடந்தது. மிருதங்கத்துக்கு அரங்கில் இடம் உண்டு. அதைச் செய்தவன் கதைக்கு இடம் இல்லை.

ஆகவே வாத்தியார் சார், தோலுக்குச் சுருதி ஏற்றுகிற வித்தையே சேரியில் இருக்கிற வித்தை. அதே கை மிருதங்கத்தில் சோறு ஏற்றினால் சாஸ்திரம், தப்பில் தீ ஏற்றினால் சத்தம். இந்தக் கணக்கை எந்த ராமன் வந்து எனக்கு விளக்குவார்?

அடுத்து, சுருதி சுத்தம் என்று ஒரு பேச்சு. அதையும் பார்ப்போம். ஒரு ஸ்தாயியை 1200 பங்காகப் பிரித்துக்கொண்டால், தம்புராவில் யாரும் மீட்டாமலே தானாகக் கேட்கிற அந்தர காந்தாரம் 386-இல் நிற்கும். ஆர்மோனியத்தில் அதே காந்தாரம் 400-இல் நிற்கும். வெள்ளைக்காரன் எந்தக் கட்டையிலிருந்து ஆரம்பித்தாலும் பாட்டு ஓடவேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு இடைவெளியையும் சமமாக வெட்டி வைத்தான். அந்தச் சமரசத்தில் காந்தாரம் 14 பங்கு தூக்கலாகப் போனது. இது ஒரு குறை என்று சொல்லித்தான், அதோடு கமகம் வராது என்றும் சொல்லித்தான், அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தடை தளர 1971 ஆயிற்று.

ஆனால் இன்றைக்கும் சபை வித்வானைக் கேளுங்கள், ‘என்ன சுருதி?’ என்று. ‘ஒரு கட்டை’, ‘அஞ்சரைக் கட்டை’ என்பார். எந்தக் கட்டை அது? ஆர்மோனியக் கட்டைதான்! வாசல் தாண்ட விடாத கருவியின் முழக்கோலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். வெளியே நிற்கிறவனிடமிருந்து வேண்டியதை வாங்கிக்கொள்வது அவர்களுக்குக் கை வந்த கலை.

பிடில் கதை இன்னும் ருசியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் அதன் நாலு நரம்பையும் பஞ்சமம் பஞ்சமமாக ஏற்றிக் கட்டுவான். இங்கே அதை மாற்றி ச-ப-ச-ப என்று கட்டினார்கள். நின்று வாசிக்கிற கருவியைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் காலில் ஊன்றி வாசித்தார்கள். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசியுங்கள் தோழர்களே. ஏழு கடல் தாண்டி வந்த கருவிக்காக நரம்பை மாற்றிக் கட்டினார்கள், உடம்பை மடக்கி உட்கார்ந்தார்கள். ஊருக்குக் கிழக்கே ஒரு பர்லாங் தூரத்தில் இருந்த கருவியை மட்டும், இது எப்படிச் சேர்கிறது என்று வந்து கேட்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. அந்த ஒரு பர்லாங் ஏழு கடலை விட அகலம்.

தமிழிசைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஆபிரகாம் பண்டிதரை நான் மரியாதையோடுதான் சொல்வேன். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். அவர் பிறந்த நாடார் சமூகத்தைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்ற சண்டையில்தான் 1899-இல் சிவகாசி பற்றி எரிந்தது. அவர் 1916-இல் பரோடா இசை மாநாட்டில் போய் நின்று, ஸ்தாயிக்கு 22 சுருதி என்கிறது தப்பு, 24 என்று வாதாடினார். அடுத்த வருசம் ‘கருணாமிர்த சாகரம்’ அச்சாயிற்று. சுருதிக் கணக்கு யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை என்று காட்டிய மனுசர். ஆனால் அவர் நடத்தியது நரம்பின் வழக்கு. தோலின் வழக்கை அவரும் எடுக்கவில்லை. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. மேடையில் பாட்டின் மொழி மாறியது. மேடை ஏறுகிற கருவி மாறவில்லை. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது பறையையும் யாழையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. யாழுக்கு ஆராய்ச்சி நடந்தது. பறைக்குச் சாவு இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் சிவகாசியிலேயே பிறந்த விசுவநாத தாஸ் இருந்தார். நாடக மேடையில் பாடிப் பாடி வெள்ளைக்காரன் சிறைக்குப் போனவர். 1940 கடைசியில் சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டவர். மருத்துவர் சாதியில் பிறந்ததால் அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். அவர் தொண்டை எந்தச் சுருதியில் சேரவில்லை? ஆர்மோனியத்தோடு சேர்ந்தது, மக்களோடு சேர்ந்தது. பக்கத்தில் நின்றவர்களோடு சேரவில்லை. அதை எந்தத் தம்புரா சரி பண்ணும்?

இதுவரைக்கும் அவர்களுக்குச் சொன்னேன். இனி நமக்கு.

1996-இல் எங்கள் காலனியில் கூட்டம் போட்டோம். கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து சூறையாடியதற்கு (1995 ஆகஸ்ட் 31) மறுவருசம். ரத்தம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். இனிமேல் ஊர்ச் சாவுக்குத் தப்பு அடிப்பதில்லை, செத்த மாடு தூக்குவதில்லை, தோல் உரிப்பதில்லை என்று முடிவு எடுத்தோம். 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொன்னதை நான்தான் எழுந்து நின்று பேசினேன். கை தட்டினார்கள். எங்கய்யா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தப்பை எடுத்து உத்தரத்தில் மாட்டினார். அவ்வளவுதான்.

அந்த முடிவு சரி. இன்றைக்கும் சரி. சாவு சொல்லப் போய், அடித்து, தெருவில் நின்று கை நீட்டிச் சோறு வாங்கின பிழைப்பை ‘கலை’ என்று சொல்லி யாராவது திரும்பக் கொண்டுவந்தால் முதல் கல் நான் எறிவேன். ஊர் பதிலுக்குக் காட்டு வேலையை நிறுத்தியது. பட்டாசு ஆலை வேன் காலனி வாசலுக்கு வந்து நின்றது. எல்லோரும் ஏறினோம்.

இந்த வட்டாரம் வறண்ட பூமி. காற்றில் ஈரம் குறைவு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே தொடங்கியது நிலைத்ததற்கு இந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். எங்கய்யா சொல்வார்: ‘மருந்து காயிறதுக்கு ஏத்த காத்துதான் தோலு காயிறதுக்கும் ஏத்த காத்து. ஐப்பசி மழையில ரெண்டும் படுத்துக்கிரும்.’ தோல் காய்ந்த காற்றில் நாங்கள் மருந்து காய வைத்தோம். தோலில் தவறினால் தோல் கிழியும். மருந்தில் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர். 2021 பிப்ரவரி 12 சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். இதெல்லாம் பேப்பரில் வந்த கணக்கு. ஒருத்தர், ரெண்டு பேர் என்று போகிற சாவு உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு சரி.

எங்க அக்கா வீட்டுக்காரர் அப்படி நாலு வரியில் போனவர். 2009, ஆடி மாசம். மருந்துக் கலவை அறை. உடம்பைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். வாசலில் கிடத்தியிருக்கிறது, காலனி முழுக்க நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை. பதிமூணு வருசமாக யாரும் தப்பைத் தொடவில்லை. ஊர்ச் சாவுக்குத்தானே அடிக்க மாட்டோம் என்றோம், நம்ம சாவுக்கு? அதை அந்தக் கூட்டத்தில் யாருமே பேசவில்லை.

எங்கய்யா எழுந்து போய் உத்தரத்திலிருந்து தப்பை இறக்கினார். தூசி தட்டினார். காகிதம் பொறுக்கி வந்து தீ மூட்டினார். காட்டினார், தட்டினார். தோல் தொங்கிப்போய் இருந்தது. மறுபடி காட்டினார். மூன்று முறை, நாலு முறை. ஓரத்தில் எலி கடித்திருந்தது. கொஞ்சம் ஏறியது, உடனே இறங்கியது. நான் பக்கத்தில் போய் ‘போதும்யா, அடிங்க, யாரு கேக்கப் போறா’ என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘சேரலடா’ என்றார். ‘சேராததை எம் மாப்பிள்ளைக்கு அடிக்க மாட்டேன்.’

தப்பைத் தரையில் வைத்துவிட்டார். அடிக்கவில்லை. பக்கத்து ஊர்ச் சொந்தக்காரப் பையன்கள் தங்கள் செட்டோடு வந்து, காசு வாங்காமல் அடித்தார்கள். அவர்கள் காய்ச்சும்போது எங்கய்யா கிட்டே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்தார். அழுதுகொண்டேதான் தட்டினார். ஆனால் ஒன்று கீழே நின்றதை விடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊர்ச் சாவுக்கு முப்பது வருசம் அடித்தாரே, அங்கே எவனாவது ‘தப்பு சேர்ந்திருக்கிறதா’ என்று கேட்டிருப்பானா? கேட்கிற காது எவனுக்கும் இல்லை. கூலியும் கூடாது. ஆனாலும் சேர்க்காமல் அவர் அடித்ததில்லை. அப்படியானால் அந்தக் காது ஊர் கொடுத்த அடிமைத்தனத்தில் சேர்ந்தது இல்லை. அது அவருடைய சொந்தச் சம்பாத்தியம். நாங்கள் 1996-இல் அடிமைத்தனத்தைத் தூக்கிப் போட்டோம், நல்லது. அதோடு அந்தக் காதையும் சேர்த்து உத்தரத்தில் மாட்டிவிட்டோம். சரக்கு எது, சாக்கு எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பேசிய நான்தான் முதல் குற்றவாளி.

எங்கய்யா 2014-இல் போய்விட்டார். பறை இப்போது திரும்பி வந்திருக்கிறது. கூட்டம், ஊர்வலம், கல்லூரி, கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் பறை. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் சந்தோசத்தில் சில விசயங்களை விட்டுவிடக் கூடாது.

இப்போது இரும்பு வளையத்தில் பிளாஸ்டிக் தோல் மாட்டி, போல்ட் வைத்து முறுக்குகிற பறை வந்துவிட்டது. தீ வேண்டாம், நாற்றம் இல்லை, மழையில் இறங்காது. நம்ம பையன்களில் மாட்டுத்தோலைத் தொடமாட்டேன் என்கிறவன் இருக்கிறான். அவன் கோபம் நியாயமானது. அவன் பிளாஸ்டிக்கிலேயே அடிக்கட்டும். நான் எதிரி இல்லை. ஆனால் ‘இப்பத்தாங்க இது சுத்தமாச்சு, இனிமே எல்லாரும் வாசிக்கலாம்’ என்று சிலர் சொல்கிறார்களே, அவர்களிடம் கேட்கிறேன்: மிருதங்கத்தில் இருக்கிற மாடும் எருமையும் உங்களுக்கு எப்போது அசுத்தமாக இருந்தது? தோலில் சாதி இல்லை. தோலைத் தொட்ட கையில்தான் நீங்கள் சாதியைப் பார்த்தீர்கள். தோலை மாற்றினால் அந்தப் பார்வை மாறிவிடுமா?

பட்டறை நடத்துகிற நண்பர்களே, உங்கள் பட்டறையில் முதல் நாளே கையில் குச்சி கொடுத்து ஆடச் சொல்கிறீர்கள். காய்ச்சுவதற்கு மட்டும் ஓரமாக ஒரு காலனிப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் சேர்த்துக் கொடுக்க நீங்கள் அடிக்கிறீர்கள். சபாவில் நடந்ததும் இதேதானே? காய்ச்சுவதையும் கேட்பதையும் முதல் பாடமாக வையுங்கள். அந்தப் பையனை ஆசிரியராக வையுங்கள். இசைக் கல்லூரி பறை சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தால் காய்ச்சத் தெரிந்த ஆளை எடுக்கட்டும், மிருதங்க ஆசிரியருக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுக்கட்டும். எப்போது அடிப்பது, யாருக்கு அடிப்பது என்பதை அந்த ஆளே முடிவு செய்யட்டும். அடிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை இல்லாதவன் கையில் பறை கொடுத்தால் அது மறுபடியும் ஊர் வேலைதான்.

போன மாசம் எங்கள் காலனிப் பையன்கள் ஆறு பேர் பிளாஸ்டிக் பறையோடு பழகிக்கொண்டிருந்தார்கள். அடவு பிரமாதம், வேகம் பிரமாதம். நிறுத்தச் சொல்லி ஒவ்வொருத்தனாக ஒரு அடி அடிக்கச் சொன்னேன். ஆறும் ஆறு திசையில் நின்றது. ஸ்பானரால் குத்துமதிப்பாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். ‘சேரல’ என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எங்கய்யா குரலிலேயே வந்தது. ஒரு பையன் கேட்டான்: ‘எதோட சித்தப்பா சேரணும்? ஆர்மோனியத்தோடயா?’

‘இல்லடா. பக்கத்துல நிக்கிறவனோட’ என்றேன்.

அவன் ஸ்பானரை எடுத்தான். அரை மணி நேரம் ஆயிற்று. ஆறும் ஒன்றாக நின்றபோது அவன்களே ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரித்தான்கள். அப்புறம் உத்தரத்திலிருந்து எங்கய்யா தப்பை இறக்கிக் காட்டினேன். புதுத் தோல் மாட்டியிருக்கிறேன். நாற்பது வருசம் கழித்துக் காய்ச்சப் பழகுகிறேன், இதுவரைக்கும் ஒரு தோல் கிழித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள் தோழர்களே. ஒரு சாக்குக் காலண்டர் காகிதம் வைத்திருக்கிறேன்.